புனிதரின் விரலை ஒடித்தவர்

என் வீட்டுக்காரர் வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் சாதித்துவிடவில்லை. ஒரு விரலை ஒடித்தார், அவ்வளவுதான். அதுவும் உயிருள்ள மனுஷனின் விரல் இல்லை. எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன்னால் வேதம் சொல்ல வந்து இங்கேயே செத்துப்போன ஒரு புனிதர். அவருக்கு எங்கள் கோயிலில் ஒரு சிலை. அந்தச் சிலையின் வலதுகைச் சுட்டுவிரல். அதை ஒடித்தது தான்தான் என்று இருபத்தாறு வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவர் என் உயிரை வாங்கினார். நம்பமாட்டோம் என்று சொல்லிச் சொல்லி ஊர் என் உயிரை வாங்கியது. நடுவில் மாட்டிக்கொண்டு நான் பட்ட பாட்டை யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் எழுதுகிற வழியாகத் தெரியவில்லை. அதனால் நானே உட்கார்ந்துவிட்டேன்.

அவருக்குக் கோயிலில்தான் வேலை. கதவு திறப்பது, மூடுவது, மெழுகுவர்த்தி மாற்றுவது, மணி அடிப்பது, பெஞ்சு துடைப்பது, யாராவது குடையை மறந்துவிட்டுப் போனால் அதை மாசக்கணக்கில் பத்திரப்படுத்துவது. இடுப்பில் பதினொரு சாவி தொங்கும். அதனால் எல்லோருக்கும் அவர் சாவிக்காரர். பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவார். வீடு என்றால் கோயிலுக்குப் பின்னால் இரண்டே அறை. சாப்பாட்டில் கை வைத்த பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர்போல எழுந்துபோய் நான்காம் தடவை இழுத்துப் பார்ப்பார். நான் முன் அறையில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, இந்தக் கூத்தை எல்லாம் பார்த்துக்கொண்டே அக்கம்பக்கத்தாருக்குச் சட்டை தைத்துக் கொடுப்பேன்.

அவரிடம் உள்ள பெரிய கோளாறு, பொய் சொல்ல வராது. என்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டு வந்த அன்று என் அப்பா, ஊர் வழக்கத்துக்கு ஒரு கேள்வி கேட்டார்.

"கெட்ட பழக்கம் எதுவும் இல்லையே, தம்பி?"

"தூக்கத்துல பல்லக் கடிப்பேன் மாமா. இடது காது கொஞ்சம் மந்தம். முன்ன பூட்டுக்கடையில வேல பாத்தேன், அங்க ரெண்டு பூட்ட நாசம் பண்ணிட்டேன்."

அப்பா புல்லரித்துப்போய்விட்டார். தங்கமான பிள்ளை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். அவருக்கென்ன, குடித்தனம் நடத்தப்போவது அவரா? பக்கத்து வீட்டுக்காரி பெற்ற குழந்தையைத் தூக்கிக் காட்டி "எப்படி இருக்கா?" என்று கேட்டால், "காதுதான் முகத்தவிடப் பெரிசா இருக்கு" என்று சொல்கிற மனுஷனோடு இரண்டு அறை வீட்டில் இருந்து பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி ஒரு வருஷம் என்னிடம் துணி தைக்கக் கொடுக்கவில்லை.

இனி அந்தப் புனிதரைப் பற்றிச் சொல்கிறேன். கடல் கடந்து வந்தவர். எப்படி வந்தார்? ஒரு பெரிய கல்லின் மேல் உட்கார்ந்து மிதந்து வந்தார். ஏன், கப்பல் கிடைக்கவில்லையா என்று கேட்கக்கூடாது. நான் சின்ன வயசில் கேட்டு, முட்டி போட்டு நின்றேன். வந்து இறங்கினவருக்கு இங்கத்து மொழி தெரியாது. அவர் பாட்டுக்குத் தன் மொழியில் பேசினார், கேட்ட அத்தனை பேருக்கும் அவரவர் மொழியில் புரிந்ததாம். எங்கள் வீட்டில் மூன்று பேர் ஒரே மொழிதான் பேசுகிறோம், ஒருத்தர் சொல்வது இன்னொருத்தருக்குப் புரிந்ததில்லை. ஊன்றுகோலைத் தரையில் குத்தினார், அது துளிர்த்து மரமானது. ராஜா அவரைச் சுண்ணாம்புச் சூளையில் போட்டான், செருப்பு மட்டும் கருகியது, அவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். இவ்வளவுதான் நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது கேட்ட கதைகள். விரல் கதை அதில் கிடையாது. அது எங்கள் வீட்டுச் சரக்கு.

நடந்தது இதுதான். அவர் வேலையில் சேர்ந்து பதினொரு மாதம் இருக்கும். மகள் எட்டு மாதக் கைக்குழந்தை. அந்த வாரம் வியாழக்கிழமைதான் புதுச் சாமியார் ஒருவர் மாற்றலாகி வந்திருந்தார், சோடாப்புட்டிக் கண்ணாடிக்காரர். சனிக்கிழமை மத்தியானம் இவர் ஏணி போட்டு ஏறிச் சிலையைத் துடைத்தார். புனிதர் வலது கையைத் தூக்கிச் சுட்டுவிரலால் வானத்தைக் காட்டிக்கொண்டு நிற்பார். ஏணி நழுவியது. பிடிப்பதற்குத் தோள் இருந்தது, ஊன்றுகோல் இருந்தது, சுவரில் ஆணிகூட இருந்தது. இவர் பிடித்தது அந்த விரலை. வெறும் சுண்ணாம்பில் செய்த விரல் எத்தனை பாரம் தாங்கும்? கீழே கல் தரையில் விழுந்து மாவாகப் போய்விட்டது. மாவைக் கூட்டி அள்ளிக் கொட்டிவிட்டு, முகம் வெளுத்து வீட்டுக்கு வந்தார்.

"ஒடிச்சுட்டேன்," என்றார்.

"எதங்க?"

"புனிதரோட விரல. நாளைக்குப் பூசையில எல்லார் முன்னாடியும் எந்திரிச்சுச் சொல்லிடறேன்."

மறுநாள் பூசையில் அவருக்கு முந்திக்கொண்டு புதுச் சாமியார் பிரசங்கத்தை ஆரம்பித்துவிட்டார். வந்து மூன்று நாள்தான் ஆகிறது, என்ன பேசுவது என்று அவருக்கும் தெரிந்திருக்காது. அண்ணாந்து சிலையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். குரல் தழுதழுத்தது.

"அந்தக் கையைப் பாருங்கள்! உன்னை அனுப்பியவர் யார் என்று ராஜா கேட்டிருப்பான். இவர் வானத்தைக் காட்டியிருப்பார். காட்டிய விரலை அந்தக் கொடியவன் வெட்டி எறிந்தான். ஆனால் அந்தக் கை இறங்கியதா? இன்றைக்கும் இறங்கவில்லையே!"

ஜனங்கள் அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். விரல் இல்லை. முந்தின ஞாயிற்றுக்கிழமை இருந்ததா? ஒருவருக்கும் நிச்சயமில்லை. பிறந்ததிலிருந்து தினமும் கும்பிடுகிற சிலைக்கு எத்தனை விரல் என்று தெரியாது என்று ஒத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் தலையை ஆட்டினால் இவரும் ஆட்டினார். முன்வரிசைக் கிழவர் ஒருவர், "ஆமா, எங்க தாத்தாகூடச் சொல்வாரு," என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது சிரிப்புத்தான் வந்தது.

இவர் எழுந்தார். பாதி எழுந்திருப்பார், நான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். மடியில் குழந்தை, இருப்பதோ கோயில் கொடுத்த இரண்டு அறை, புதுச் சாமியார் முதல் பிரசங்கத்திலேயே அழுதுகொண்டிருக்கிறார், அவரை எல்லோர் முன்னாலும் முட்டாளாக்கினால் நாளைக்கு எங்கே போவது?

"உக்காருங்க. ஒரு வாரம் போகட்டும், தனியாப் போய்ச் சொல்லிக்கலாம்."

அவர் உட்கார்ந்தார். என் பேச்சைக் கேட்டு அவர் செய்த காரியங்கள் மிகவும் கொஞ்சம். அதில் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டுமா?

ஒரு வாரத்துக்குள் அந்தப் பிரசங்கம் மறைமாவட்டப் பத்திரிகையில் அச்சாகி வந்துவிட்டது. இவர் தனியாகப் போய்ச் சொன்னபோது சாமியார் சிரித்தார். "முன்னாடியே வெட்டுப்பட்ட விரல்தானே? நீ துடைக்கும்போது மிச்சம் கொஞ்சம் உதிர்ந்திருக்கும். மனச அலட்டிக்காத," என்றார். அடுத்து வந்த சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னார். அந்தச் சாமியார் பத்து ஜெபம் அபராதம் போட்டு, இனி இந்தப் பாவத்தைப் பற்றிப் பேசவேண்டாம் என்று அனுப்பிவிட்டார். பாவத்தை மன்னித்தார்கள், பாவம் நடந்ததை மட்டும் நம்பவில்லை. இப்படி ஒரு அநியாயம் உண்டா?

இதற்குள் எங்கள் தெரு சரித்திர வாத்தியார் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், புனிதரின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதி முடித்துவிட்டார். விரலுக்கு மட்டும் தனி அத்தியாயம். வெட்டின ராஜாவின் பேர், வெட்டின நாள், அன்றைக்கு அடித்த காற்று எந்தத் திசை என்பதுவரை இருந்தது. என் வீட்டுக்காரர் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே வாத்தியாரிடமே போய்விட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன், ஏதாவது ஏடாகூடமாகப் பேசிவிடுவாரே என்று.

"நீங்க ஒடிச்சதுக்கு ஆதாரம் இருக்கா?" என்று கேட்டார் வாத்தியார்.

"நான்தான் சார் ஆதாரம்."

"அது செல்லாது. எழுத்துல இருக்கணும்."

"ராஜா வெட்டினதுக்கு ஆதாரம்?"

"அது மரபு. அதுக்கு ஆதாரம் கேக்கக்கூடாது."

பழைய கல்யாணப் போட்டோ ஒன்றை யாரோ எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளை தலைக்கு மேலே, தூரத்தில், புனிதரின் கை, அதில் விரல். வாத்தியார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, அது பின்னால் எரிகிற மெழுகுவர்த்தி என்றார். எல்லோரும் ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்து, ஆமாம், மெழுகுவர்த்தி என்றார்கள்.

அப்புறம் வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கை முறிந்தவர்கள், விரல் மரத்துப்போனவர்கள், மிஷினில் கை கொடுத்தவர்கள். மெழுகில் விரல் செய்து சிலைக்கு முன்னால் வைத்துவிட்டுப் போவார்கள். கதவைத் திறந்துவிடுகிறவர் இவர்தானே, இவரிடம்தான் கதை கேட்பார்கள். இவரும் நடந்ததைச் சொல்லுவார். கேட்டவர்கள் சிரிப்பார்கள், சிலர் முதுகில் தட்டிக்கொடுப்பார்கள். கோயில் கமிட்டித் தலைவியம்மா கடைசியில் வந்து, "நீங்க கதவ மட்டும் திறங்க, வாயத் திறக்க வேணாம்," என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மாதான் ஞாயிறு பூசை முடிந்தபிறகு சாட்சி நேரம் என்று ஒன்றையும் கொண்டுவந்தார். புனிதரால் நன்மை அடைந்தவர்கள் எழுந்து சொல்ல வேண்டும், சொல்லி முடித்ததும் எல்லோரும் சேர்ந்து "புனிதரே, உமக்கு நன்றி!" என்று சொல்ல வேண்டும். என்ன சொன்னார்கள் என்று யாரும் கவனிப்பதில்லை. குரல் நின்றதும் நன்றி சொல்லிவிடுவார்கள்.

இத்தனைக்கும் இவர் விடவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது யாரிடமாவது போய்ச் சொல்லிவிட்டு, தொங்கிப்போன முகத்தோடு திரும்பி வருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாருக்கு என்ன நஷ்டம்? நாலு பேர் வந்து கும்பிட்டு ஆறுதலாகப் போகிறார்கள். ஒரு விரல் இருந்தால் என்ன, போனால் என்ன என்று கத்துவேன். "போனது விரல் இல்லடி," என்பார். அதற்குமேல் அவருக்குச் சொல்லத் தெரியாது. எழுந்துபோய்க் கதவை இழுத்துப் பார்ப்பார்.

இந்த வருஷம் எங்கள் மகளின் கையில் கண்ணாடி விழுந்தது.

அவளுக்குப் படம் சட்டம் போடுகிற கடையில் வேலை. கண்ணாடி அறுப்பதில் அவளைப்போலக் கை சுத்தம் உள்ள ஆள் அங்கே கிடையாது. ஒரு செவ்வாய்க்கிழமை பெரிய தகடு ஒன்று அலமாரியிலிருந்து சரிந்தபோது அனிச்சையாகப் பிடித்துவிட்டாள். வலது உள்ளங்கையில் ஆழமான வெட்டு. பக்கத்துக் கிளினிக்கில் தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். நாலைந்து நாள் கழித்துப் பார்த்தால் சுட்டுவிரலும் நடுவிரலும் மடங்கவே இல்லை. திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே கைக்கென்றே ஒரு டாக்டரம்மா. விரலை மடக்குகிற தசைநாண் இரண்டும் அறுந்திருக்கிறது, மேல்தோலை மட்டும் தைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்றார்.

"நாளைக்கே ஆபரேஷன் வெச்சுக்கலாம். வெட்டுப்பட்டு ரெண்டு வாரத்துக்குள்ள சேத்துத் தைக்கணும். அதாவது அடுத்த வாரம் செவ்வாய்க்கு மேல போகக்கூடாது. போனா அறுந்த முனை உள்ள இழுத்துக்கும், அப்புறம் விரல் மடங்கும்னு நான் உத்தரவாதம் தரமாட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் மகள் சொன்னாள், நவநாள் ஜெபம் பண்ணப்போகிறாளாம். நாளைக்கு ஆரம்பித்து ஒன்பது நாள், புனிதருக்கு முன்னால். அதற்குப் பிறகு ஆபரேஷன் தேவையா என்று பார்க்கலாமாம். நான் விரல் விட்டு எண்ணினேன். ஒன்பதாம் நாள் புதன்கிழமை. டாக்டரம்மா சொன்ன கெடு முடிந்து மறுநாள்.

"புனிதருக்குக் காலண்டர் தெரியாதாடீ? ஆபரேஷன முடிச்சுட்டு ஒம்பது நாள் இல்ல, தொண்ணூறு நாள் உக்காந்துக்கோயேன்!"

"கெடுவுக்குப் பயந்து நடுவுல எந்திரிச்சா அது விசுவாசம் இல்லம்மா. விரலப் பறிகொடுத்தவருக்குத்தான் விரலோட அருமை தெரியும். அவர் என்னைக் கைவிடமாட்டார்."

கெஞ்சினேன், திட்டினேன், ஒரு வேளை சாப்பிடாமல்கூடப் படுத்தேன். இருபத்தேழு வயசுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? அவள் பாட்டுக்குக் கட்டுப்போட்ட கையோடு தினம் போய் முட்டி போட்டாள். இப்போது இருக்கிற இளம் சாமியார்கூடச் சொல்லிப் பார்த்தார், டாக்டரும் கடவுள் அனுப்பியவர்தானே என்று. தலையை ஆட்டிவிட்டு மறுபடி முட்டி போட்டாள். பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அந்தப் புனிதரைக் கல்லின் மேல் உட்காரவைத்து வந்த வழியே அனுப்பிவிட வேண்டும்போல இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்திருந்தோம். இவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"பாப்பா, நீ யாருகிட்ட வேணும்னாலும் ஜெபம் பண்ணு. ஆனா அந்த விரல யாரும் வெட்டல. நான் ஒடிச்சேன். விரல் போன கதைய நம்பி உன் விரல விட்டுடாத."

மகள் அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். பாவம் அப்பா என்கிற பார்வை. அந்தப் பார்வையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

"அவர் சொல்றது நிஜம்டீ," என்றேன்.

"நீங்களுமாம்மா? என்னை ஆஸ்பத்திரிக்குத் தள்ளிட்டுப் போறதுக்காக இப்ப மாத்திப் பேசறீங்க."

"மாத்திப் பேசலடீ..."

"எனக்கு ஒம்பது வயசுல நீங்கதான சொன்னீங்க? அப்பாவுக்கு அது ஒரு பிரமை, பாவம், கண்டுக்காதேன்னு நீங்கதான சொன்னீங்க?"

சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உன் அப்பா சாமியை உடைத்தவராமே என்று கேலி செய்து, அழுதுகொண்டு வந்தாள். அப்பா பொய் சொல்றாராம்மா என்று கேட்டாள். பொய் இல்லை, பிரமை என்றேன். அவள் கண்ணைத் துடைக்க அந்த நேரத்தில் அதுதான் கைக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு அவர் விரல் பேச்சை எடுத்தபோதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவோம். பதினெட்டு வருஷம் இப்படி ஓடியிருக்கிறது. ஊர் நம்பாததற்காக ஊரைத் திட்டிக்கொண்டே, வீட்டுக்குள் அவரைப் பைத்தியக்காரராக ஆக்கி வைத்தவள் நான்.

இவர் என்னைப் பார்த்தார். பூட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். காலை எட்டு மணி, கோயில் திறந்து கிடக்கிற நேரம்.

சனிக்கிழமை முழுவதும் நான் மிஷினில் உட்கார்ந்து ஒரே தையலைப் போட்டுப் போட்டுப் பிரித்தேன். தனியாகச் சொன்னால் நம்பமாட்டாள், ஆபரேஷனுக்காகக் கட்டின பொய் என்பாள். நான் நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறந்தவள் இல்லை. என் மானத்தை நான் எப்படிக் கட்டிக் காப்பாற்றுகிறவள் என்று என் மகளுக்குத் தெரியும். அதை விற்றால்தான் நம்புவாள் என்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்தேன். முதலில் ஒருத்தி பித்தப்பைக் கல் கரைந்ததைச் சொல்லி நன்றி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்தது நான்.

"அந்த விரல எந்த ராஜாவும் வெட்டல. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சனிக்கிழம, ஏணி நழுவி, என் வீட்டுக்காரர் ஒடிச்சார். மறுநாள் இதே இடத்துல சொல்ல எந்திரிச்சார். சட்டையப் பிடிச்சு இழுத்து உக்காரவெச்சது நான்."

மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினேன். நிறுத்தியிருக்கக் கூடாது.

"புனிதரே, உமக்கு நன்றி!" என்றது கோயில் முழுக்க.

"நன்றியும் வேணாம், ஒண்ணும் வேணாம்! காது குடுத்துக் கேளுங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கமிட்டித் தலைவியம்மா எழுந்துவிட்டார். வாத்தியார், "ஆதாரம்..." என்று ஆரம்பித்தார். "ஆதாரத்தக் கொண்டுபோய் உங்க புஸ்தகத்துல வெச்சுக்கோங்க சார்!" என்றேன். சாமியார் கையைக் காட்டி எல்லோரையும் அமர்த்தினார்.

"இந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் என் வயித்துல பொறந்தவகிட்ட, உங்க அப்பாவுக்குப் பிரமைன்னு சொன்னேன். எனக்குத் தொந்தரவு இருக்கக்கூடாதுன்னு சொன்னேன். இன்னிக்கு அவ அப்பா பேச்ச நம்பாம கை போகப்போகுது. இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

இந்தத் தடவை ஒருவரும் நன்றி சொல்லவில்லை. மகள் மூன்றாம் வரிசையிலிருந்து எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை, சிலையையும் பார்க்கவில்லை, நேரே வெளியே போய்விட்டாள். பின்னாலேயே ஓடினேன். வாசல் கேட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

"அந்த டாக்டரம்மா ஞாயித்துக்கிழம இருப்பாங்களா?" என்று கேட்டாள்.

ஆபரேஷன் திங்கட்கிழமை நடந்தது, பதிமூன்றாம் நாள். மூன்றரை மணி நேரம். அப்புறம் ஆறு வாரம் கட்டு, அதன் பிறகு விரல் பயிற்சி. நடுவிரல் நன்றாக மடங்குகிறது. சுட்டுவிரல் பாதிதான் வருகிறது. கண்ணாடி அறுக்கும் கருவியை அந்த விரலால்தான் அழுத்த வேண்டும். இன்னும் கொஞ்சம் வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டரம்மா. நான் தனியாகக் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"நான் சொன்ன அன்னிக்கே செஞ்சிருந்தா முழுசா வந்திருக்கும்மா. ஆபரேஷன் பண்றப்பவே முனை உள்ள இழுக்க ஆரம்பிச்சிருந்தது. அந்த ஒரு வாரம்தான்."

ஊரைக் கேட்கிறீர்களா? ஊர் அப்படியேதான் இருக்கிறது. பாதிப் பேர் இப்போது இவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மீதிப் பேர், மகளின் விரல் மடங்கியது புனிதர் செய்த அற்புதம் என்கிறார்கள். வாத்தியார் புத்தகத்தின் அடுத்த பதிப்பில் விரல் அத்தியாயத்துக்குக் கீழே பொடி எழுத்தில், "இதை வேறு விதமாகச் சொல்வோரும் உண்டு" என்று போட்டுவிட்டு, வந்து என்னிடம் திருப்திதானே என்று கேட்டார். பதில் சொன்னால் பாவமாகிவிடும் என்று உள்ளே போய்விட்டேன்.

மகள் என்னிடம் பேசுகிறாள். உப்பு போதுமா, துணி காய்ந்ததா, இந்த அளவுக்குப் பேசுகிறாள். அதற்கு மேல் இல்லை. நானும் கேட்கவில்லை.

போன வாரம் ஒரு சாயங்காலம், இரண்டு பேருக்கும் டீ எடுத்துக்கொண்டு பின் அறைக்குப் போனேன். மகள் ரப்பர் பந்தை அழுத்திப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். இவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எத்தனை தடவை என்று எண்ணிக்கொண்டிருந்தார். கதவு ஒருக்களித்திருந்தது.

"அப்பா, அன்னிக்கு என்ன நடந்துச்சு? முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றாள் அவள்.

இத்தனை வருஷத்தில் வீட்டில் அவரிடம் அதை யாரும் கேட்டதில்லை. அவராகச் சொன்னதுதான், நாங்கள் காதைப் பொத்திக்கொண்டதுதான். எண்ணுவதை நிறுத்திவிட்டு ஆரம்பித்தார். ஏணியின் எந்தக் கால் நழுவியது, துணி எவ்வளவு ஈரம், விரல் ஒடிந்தபோது எப்படிச் சத்தம் வந்தது, எல்லாம் சொன்னார். கீழே இறங்கினதும் சிலையைப் பார்த்து, சாமி, தெரியாம பண்ணிட்டேன் என்று சொன்னாராம். அது எனக்கே தெரியாது.

"வீட்டுக்கு வந்து உங்கம்மாகிட்ட சொன்னேன். ஒரு கேள்வி கேக்கல, வந்து பாக்கக்கூட இல்ல. நான் சொன்னா போதும்னு அப்படியே நம்பிட்டா. ஊர்ல யாரு நம்பினா என்ன, வீட்டுல ஒருத்திக்கு என்னைத் தெரியுமேன்னுதான் இத்தன வருஷமும் ஓட்டினேன்."

"அப்ப அம்மா பிரமைன்னு என்கிட்ட சொன்னது?"

"அது உன்கிட்ட சொன்னது. என்கிட்ட சொல்லலியே. எனக்கு அது இந்த வருஷம்தான தெரியும்."

அவர் பந்தைக் காட்டினார். விட்ட இடத்திலிருந்து எண்ண ஆரம்பித்தார். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. நான் இரண்டு டம்ளரையும் பிடித்துக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கமே நின்றேன். உள்ளே போய் அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.